ஐம்பது சீட்டு பஸ்

புன்னைக்குப்பத்துக் கடற்கரையில் விடிந்ததும் விடியாததுமாக ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. முகப்பில் வாழைமரம் கட்டாத குறைதான். பலூன் என்ன, பேனர் என்ன, பேனரில் பக்கிரியின் படம் என்ன! படத்துக்குக் கீழே ‘கடல் காக்கும் புன்னைக்குப்பம் மக்களுக்கு வாழ்த்துகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மக்கள் அந்த வாழ்த்தைத் தள்ளி நின்று படித்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பக்கிரி முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார். இன்னும் நாற்பத்தொன்பது சீட்டு காலி.

பக்கிரியைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் எதுவுமே சொல்ல மாட்டார்கள், அதுதான் சங்கதி. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டியதும் வருகிற இதே குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னாலேயே கடலுக்குப் போன மனுஷர். மனைவி வசந்தாவின் அண்ணன் செல்லப்பனும் அவரும் ஒரே ஃபைபர் படகில் இருபது வருஷம் தொழில் செய்தார்கள். வலையில் சினை நண்டு மாட்டினால் பக்கிரி கால் உடையாமல் கழற்றித் திரும்பக் கடலில் விடுவார். “யோவ் மாப்ள, உன்னைக் கட்டிக்கினு என் தங்கச்சி கஞ்சிதான் குடிக்கப் போறா” என்று செல்லப்பன் கேலி செய்வார். இருவரும் சிரிப்பார்கள்.

பிறகு ஊர் கூடி, வீட்டுக்கு ஒரு பங்கு போட்டு, சுருக்குவலை வாங்குவதென்று முடிவு செய்தது. அரசாங்கம் தடை போட்ட வலை அது. வளைத்து அடியைச் சுருக்கினால் பெரிசும் பொடிசுமாக ஒரு கூட்டமே மேலே வந்துவிடும். “நம்மளே எல்லாத்தையும் வாரிட்டா, வர்ற வருஷம் எதைப் பிடிக்கறது? நான் சேரலை” என்றார் பக்கிரி. அதோடு விட்டிருந்தால் பிடிவாதக்காரன் என்று நாலு திட்டு திட்டி மறந்திருப்பார்கள். அதிகாரிகள் வந்து விசாரித்தபோது அப்படி வலையே இல்லை என்று ஊரே சாதிக்க, இந்த மனுஷர் “இருக்குது சார்” என்று சொல்லிவிட்டார். வலை போனது. செல்லப்பன் பொண்டாட்டி தாலிச் சரட்டை விற்றுப் போட்ட பங்கும் அதோடு போனது.

அன்றைக்கே ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் தண்டம். படகில் கூட வர ஆளில்லாமல், பக்கிரி ஒற்றை ஆளாகக் கட்டுமரத்தில் போய் வந்தார். மகள் கிருபாவின் பிரசவத்துக்குக் கடலூர் போன வசந்தா, “அங்க வந்து நான் யார் மூஞ்சியப் பாக்கறது?” என்று அங்கேயே இருந்துவிட்டாள். மூன்று வருஷம். பகல் பூராவும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ கேட்கும்போது சில நாள் அவருக்குக் குரலே எழும்பாது.

இந்த நிலைமையில்தான் வானூர்ப் பக்கத்திலிருந்து சந்தியா என்கிற பெண் வந்தாள். கடலைக் கெடுக்காமல் மீன் பிடிக்கிறவர்களுக்கு விருது கொடுக்கும் சங்கத்தில் வேலை. பக்கிரியைப் பற்றி யாரோ அதிகாரி சொல்லியிருக்கிறார். எல்லாம் விசாரித்துவிட்டு, “ஊர்ல உங்களுக்கு சப்போர்ட்டா இருக்காங்களா ஐயா?” என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதிகாரியிடம் வலையைக் காட்டிக் கொடுத்தவருக்கு, வெளியூர்ப் பெண்ணிடம் தன் ஊரை விட்டுக்கொடுக்க நாக்கு வரவில்லை.

“ஊரே ஒண்ணா நிக்குதும்மா” என்றார்.

அவள் பூரித்துப் போய், பக்கிரிக்கு ஒரு விருது, ஊருக்கு ஒரு விருது என்று ஏற்பாடு செய்து பஸ்ஸையும் அனுப்பிவிட்டாள். பொய் சொன்ன கையோடு பக்கிரிக்கு ஆசையும் வந்துவிட்டது. ஊருக்கே மரியாதை என்றால் கோபம் தணியாதா? மற்றவர்கள் வராவிட்டால் போகிறது, செல்லப்பன் ஒருத்தர் ஏறினால் போதும்.

செல்லப்பன் படகு நிழலில் உட்கார்ந்து வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். முதுகு அசையவில்லை.

“இன்னும் யாராச்சும் வரணுமா பெரியவரே?”

“ஒரு அஞ்சு நிமிஷம் பாருப்பா.”

அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி நேரம் ஆனது. அப்புறம் பஸ் கிளம்பியது. உப்பளத்து ரோட்டில் போகும்போது வேலைக்கு நின்ற பெண்கள் பலூனைப் பார்த்துக் கல்யாண வண்டி என்று கையாட்டினார்கள். பக்கிரியும் கையாட்டி வைத்தார்.

விருது விழா மண்டபத்தில் சால்வை போட்டார்கள், கை தட்டினார்கள். “ஊர்க்காரங்க மேடைக்கு வாங்க” என்று மைக்கில் அழைத்தபோது பக்கிரி மட்டும் திரும்பவும் எழுந்து போனார். “எல்லாரும் எங்கய்யா?” என்று சந்தியா மெல்லக் கேட்டாள். “இன்னைக்கு மீன் பாடு நல்லா இருக்குதும்மா, கடலுக்குப் போயிட்டாங்க” என்றார். ஊருக்கான ஷீல்டையும் அவரே வாங்கினார். திரும்பி வரும்போது அதைப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். வழியெல்லாம் டிரைவர் பாட்டுப் போட்டார்.

குப்பத்துக்குள் திருப்பும்போது பஸ்ஸின் பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் புதைந்தது. கடற்கரையில் எது மாட்டிக்கொண்டாலும் கூப்பிடாமல் வந்து தோள் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். படகாகட்டும், மாட்டுவண்டியாகட்டும், பேனரில் யார் படம் இருந்தாலும் ஆகட்டும். கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பக்கிரியும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கம் தோளைக் கொடுத்தார். பக்கத்துத் தோள் செல்லப்பனுடையது. இருவரும் நேரே பஸ்ஸின் தகரத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினார்கள்.

பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. எல்லாரும் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனார்கள். செல்லப்பன் மட்டும் போகவில்லை. நன்றி சொல்ல இறங்கிவந்த டிரைவரைப் பார்த்து, “டிரைவரே, இந்த ஆளு சாப்பிட்டாரான்னு கேளுங்க” என்றார்.

டிரைவர் முழித்தார். “அவரு உங்க பக்கத்துலதான நிக்கறாரு. நீங்களே கேளுங்களேன்.”

“நீங்க கேளுங்க.”

என்ன ஊருடா இது என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் பக்கிரி பக்கம் திரும்பி, “சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு” என்றார்.

மண்டபத்தில் பிரியாணி போட்டிருந்தார்கள். பக்கத்து இலையில் ஆளில்லாமல், வைத்ததையெல்லாம் பக்கிரி தின்று தீர்த்திருந்தார். வயிறு இன்னும் கனத்துக் கிடந்தது. டிரைவருக்கும் அது தெரியும், எதிர்ப் பந்தியில் இருந்தவர்தான்.

பக்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்லுப்பா.”