இருபத்து நாலாவது சந்தியாகு

"சந்தியாகு" என்று வளன் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். குதிரை திரும்பவில்லை. காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து ஜட்காக்காரன் முத்துக்கனியை முறைத்தார்.

"எப்பம் வச்ச பேருலே இது?"

"வாங்கின அன்னைக்கே வச்சது அண்ணாச்சி. காலையில அதுக்குக் கொஞ்சம் காது மந்தம்."

ஸ்டூடியோ வாசலில் நின்ற ஆக்னஸ் உள்ளே போய்விட்டாள். குதிரை பிறகு எப்படியோ ஒரு காதை ஆட்டியிருக்க வேண்டும். வளன் கண்ணாடித் தகட்டைச் செருகும் சத்தம் அவளுக்கு அடுப்படி வரை கேட்டது. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் மதராஸிலிருந்து மாதத்துக்கு ஒரு பெட்டித் தகடுதான் வருகிறது. அதில் ஒன்று இப்போது குதிரைக்குப் போயிற்று.

தூத்துக்குடியில் கல்யாணப் படம் எடுக்க வேறு இரண்டு ஸ்டூடியோக்கள் உண்டு. அங்கே சுவரில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண்கள் இருப்பார்கள். வளன் ஸ்டூடியோவின் சுவரில் இருப்பதெல்லாம் சந்தியாகு. கொழும்புக்கு ஓடு ஏற்றிப்போகும் தோணி ஒன்று, பெயர் எழுதிய பக்கம் தெரியும்படி சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் புன்னைக்காயல் போகிற வழியில் உள்ள ஒரு சின்னக் கோயிலின் மணி. அந்த மணிக்கு, குழந்தைக்குச் செய்வது போல ஞானத்தாய் தகப்பன் வைத்து, தண்ணீர் தெளித்து, முறைப்படி சந்தியாகு என்று பெயரிட்டார்களாம். உப்பளத்துத் தண்ணீர் பம்பு ஒன்று. ஒரு கிடா. ஒரு கிணறு. அந்தப் பெயருள்ள கிழவர்கள், சவரம் செய்தவர்களும் செய்யாதவர்களுமாக எட்டுப் பேர். எல்லாவற்றுக்கும் மேல் வரிசையில் வெறும் கடல். கரை இல்லை, படகு இல்லை, ஒரு காக்காய்கூட இல்லை. முத்துச்சிப்பி விளைகிற கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அங்கே எட்டு ஆள் ஆழத்தில் சந்தியாகு பார் இருக்கிறதாம். அதைப் படம் எடுக்க ஒரு நாள் முழுவதும் வள்ளத்தில் போய், வாந்தி எடுத்துத் திரும்பினார்.

"தண்ணியத்தானே எடுத்திருக்கிய" என்றாள் ஆக்னஸ்.

"கீழ இருக்குளா."

அவர் குடும்பத்தில் ஒரு சந்தியாகுவும் கிடையாது. அப்பா பெயர் இஞ்ஞாசி, தாத்தா பெயர் மரியான். முதலில் ஒரு தோணிக்காரர் கேட்டு அந்தத் தோணியைப் படம் எடுத்தார், மறுவாரமே மணி அகப்பட்டது, அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. காரணம் கேட்பவர்களிடம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். பேரன் தாத்தா பெயரைத் தூக்குகிறான், அவன் பேரனுக்கு அதே பெயர் போகிறது. ஆள் போனாலும் பெயர் போவதில்லை. "பேரு ஒண்ணுதான், குடியிருக்க வீடுதான் வேற வேற. எங்கெங்க இருக்குன்னு ஒருத்தனாவது பார்த்து வைக்காண்டாமா?" அதற்கு இந்த ஊரில் தன் புருஷன்தானா கிடைத்தான் என்பது ஆக்னஸின் தீராத கேள்வி.

ஜப்பான்காரன் வருவான் என்று ஊர் பயந்துகிடந்த வருஷம், தோணியோடு துறைமுகமும் படத்தில் விழுந்துவிட்டது என்று போலீஸ் அவரைக் கொண்டுபோனது. இன்ஸ்பெக்டர் படங்களை மேஜையில் பரப்பி வைத்து, இந்தக் கிடாவுக்கும் தோணிக்கும் என்ன சம்பந்தம் என்று காலையிலிருந்து மத்தியானம் வரை கேட்டார். பெயர் ஒன்று என்பதைத் தவிர வளனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் ஆக்னஸைக் கூப்பிட்டனுப்பி, அவளைப் பார்த்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வந்தது. "கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பிறகு இந்தப் பெயருக்குப் படம் இலவசம் என்று ஊருக்குள் பரவியது. அந்த வருஷம் தூத்துக்குடியில் சந்தியாகுகள் பெருகினார்கள். கூப்பிட்டால் திரும்புகிறதா என்று சோதிக்கும் வழக்கம் அப்போது வந்ததுதான்.

இதையெல்லாம் ஆக்னஸ் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் வீட்டில் பத்தொன்பது வயதில் மகள் பிளாரன்ஸ் இருந்தாள். அவளைக் கேட்டு வந்த முதல் இடம், அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் ஆள் அனுப்பவில்லை. இரண்டாவது இடத்தில் பையனின் தகப்பனார் பேசிக்கொண்டிருக்கும்போதே, மணப்பாட்டில் ஒரு சந்தியாகு கிணறு இருக்கிறது என்று யாரோ சொல்ல, வளன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று பிளாரன்ஸின் வாயிலிருந்து வரவழைக்க முடிவதில்லை.

மூன்றாவதாக வந்தது, கோயிலில் பழக்கமான அமலோற்பவத்தின் அக்கா மகன். தாயில்லாத பிள்ளையைச் சித்திதான் வளர்த்தாள். கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறான். பெயரை ஆக்னஸ் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. அவன் அனுப்பியிருந்த படத்தை மகளிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலோற்பவம் வந்து முடிவு கேட்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம் புத்தகத்தில் படத்தைக் காணோம். ஆக்னஸ் யாரிடமும் கேட்கவில்லை. எடுத்தது யார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். பெண் வாய் திறக்காவிட்டாலும் கை திறந்துவிட்டதே என்று அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

வீட்டுக்குள் போக ஸ்டூடியோ வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் அமலோற்பவம் நுழைந்தவள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். வரவேற்க வந்த ஆக்னஸும் அப்போதுதான் பார்த்தாள். கிடாவுக்கும் பம்புக்கும் நடுவில், கோட்டும் டையுமாக, மாப்பிள்ளை.

"தம்பி" என்றாள் அமலோற்பவம் வளனிடம். குரல் உயரவில்லை. "எங்க பிள்ளைய எங்கன கொண்டு வச்சிருக்கிய?"

வளனுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டிருக்க வேண்டும். உற்சாகமாக எழுந்து வந்தார். படத்தின் பின்னால் பெயர் எழுதியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தாராம். இருபத்து நாலாவது ஆளாம். ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். கிடா இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துவிட்டதைச் சொன்னார். கொழும்பு ஸ்டூடியோக்காரனுக்கு வெளிச்சம் தெரியவில்லை, பையனின் இடது கன்னம் இருட்டில் போய்விட்டது என்றும் சொன்னார். ஆக்னஸ் அவர் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகர்ந்து நின்று கடலைக் காட்டினார்.

"சிரிக்கதுக்கா வச்சிய?" என்றாள் அமலோற்பவம்.

"சிரிக்கவா? எல்லாரும் ஒரே பேருல்லா" என்றார் வளன். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அமலோற்பவம் முந்தானையை இழுத்துச் சொருகினாள். தாயில்லாத பிள்ளை என்றால் கிடாவோடு கட்டிவிடலாம் என்று நினைத்தீர்களா, இந்த வீட்டுச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். ஆக்னஸ் புருஷனிடம், முதலில் அதைக் கழற்றுங்கள் என்றாள். அவர் கையை நீட்டினார், படத்தின் விளிம்பைத் தொட்டார், கழற்றவில்லை. இருபத்து மூன்றாவதோடு நிறுத்த அவரால் முடியவில்லை என்பதை ஆக்னஸ் கண்ணால் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அழுகையும் வராமல் சிரிப்பும் வராமல் வெறும் களைப்பு வந்தது.

உள்கதவு திறந்தது. பிளாரன்ஸ் யாரையும் பார்க்காமல் நேரே சுவருக்கு வந்தாள். அப்பாவின் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, நாலு மூலையிலும் இருந்த குண்டூசிகளை நகத்தால் நெம்பி எடுத்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தாவணி நுனியால் துடைத்தாள். இடது கன்னத்தை இரண்டு தடவை.

"இது சுவருக்கு வந்த படம் இல்லப்பா. எனக்கு வந்தது" என்றாள். படத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்த அமலோற்பவம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்து, கல்யாண ஜோடிகளை உட்காரவைத்துப் படம் எடுக்கும் பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். "அவனுக்கு வார மாசம் லீவு" என்றாள், தண்ணீரைக் குடித்துவிட்டு.

ஆக்னஸ் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வளன் சுவருக்கு முன்னால் குனிந்திருந்தார். படம் இருந்த காலி இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, நடுவில் 24 என்று எழுதிக்கொண்டிருந்தார்.