பியானோவில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பியானோவில் ஒரு பெண் இருக்கிறாள். கட்டைகளுக்கு மேலே உள்ள பலகையில், மரநிழலில் அமர்ந்து, மடியில் சின்ன யாழொன்றை வைத்து மீட்டும் வெள்ளைக்காரப் பெண். வெள்ளை உடுப்பு, பக்கத்தில் தடாகம், அதில் ஓர் அன்னம். ஓரமெங்கும் பொன்னிறக் கொடியும் பூவும். எந்தத் தேசத்தில் யார் தீட்டியதோ தெரியாது. ஆனால் அவளுடைய நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் பியானோவுக்குச் சுருதி கூட்டி ரியூன் பண்ண இரத்மலானையிலிருந்து வந்தவர், இப்படிப்பட்ட பியானோவைக் காண்பதே அரிது என்று பூரித்துப்போனார். பிறகு, "இந்தச் சிவப்புக் கறையை வடிவா எடுத்திடலாம்" என்று பஞ்சை நனைத்தார். நான் பாய்ந்துபோய் மறித்தேன்.

பியானோ என் மாமாவுடையது. வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து மாமா, மாமியின் வீட்டில்தான் இருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவுக்குச் சங்கீதத்தில் அரிச்சுவடியும் தெரியாது, ஆனால் குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட சமயம், அந்தப் பக்கம் அலுவலாகப் போன மாமா, விறாந்தையில் கிடந்த இந்தப் பியானோவுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார். அவர் நின்ற நிலையைப் பார்த்து அந்த வீட்டம்மா, பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்றால் கொண்டுபோங்கள் என்று சும்மாவே கொடுத்துவிட்டார். எங்கள் தொடர்மாடி லிஃப்டுக்குள் அடங்காத அதை லொறிக்காரர்கள் படியால் தூக்க, மாமா பின்னால், "ஹெமின் மல்லி, ஹெமின்!" என்று, மெதுவாகத் தம்பி, மெதுவாக என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மாமி சிரிக்கவில்லை. "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே? எனக்குத் தெரியுமே? இருக்க இடமில்லாத வீட்டுக்குள்ள ஆனையைக் கொண்டந்து கட்டியிருக்கிறியள். நவராத்திரிக்கு வீடு கழுவ முன்னம் இது வெளிக்கிட வேணும்." மாமி ஒன்று சொன்னால் சொன்னதுதான். மாமா தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லார் வீடும் எங்கள் வீடு போலத்தான். கடைசியில் மருதானையிலிருந்து தளபாடக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம், உடைத்தால் இரண்டு அலுமாரி வரும் என்றார். அன்றைக்கு மாமா சோறு தின்னவில்லை.

அடுத்த நாள் காலை மாமாவுக்குப் புத்தி வேலை செய்தது. மாமியைக் கூப்பிட்டுப் பியானோவுக்கு முன்னால் நிறுத்தினார். "இஞ்சேரும், வடிவாப் பாரும். வெள்ளைச் சீலை. கையில வீணை. பக்கத்தில அன்னம். இது ஆரெண்டு தெரியேல்லையே?" நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமி படத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். சாமி அறைக்குள் போய்க் குங்குமச் சிமிழோடு வந்து, அந்த வெள்ளைக்காரியின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். பொட்டு வைத்துக் கும்பிட்டதை எங்கள் வீடுகளில் யாரும் உடைக்கக் கொடுப்பதில்லை. கடைக்காரருக்கு மாமாவே ஓடிப்போய்ச் செய்தி சொன்னார்.

அந்த நவராத்திரி போல இன்னொன்று எங்கள் வீட்டில் வரவில்லை. பியானோவின் மேலே கும்பம், அவல், கடலை. மெழுகுதிரிக்கென்று பக்கங்களில் இருந்த பித்தளைத் தாங்கிகளில் மாமா அகல்விளக்கு ஏற்றினார். விஜயதசமியன்று ஏடு தொடக்குவது போல வேட்டி கட்டி, திருநீறு பூசி உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒரு தேவாரத்தின் முதல் அடியைத் தேடித் தேடி வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். மாமி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். படத்துப் பெண்ணின் உடுப்புக்குக் கீழே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீல நிறச் சப்பாத்து, குஞ்சம் வேறு. மாமாவுக்கு அது பூஜைக்கு முந்தின நாள்தான் கண்ணில் பட்டது. "மாமி கண்டா கதை முடிஞ்சுது" என்று என் காதில் சொல்லி, தேவாரப் புத்தகத்தை அந்தக் காலுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். அதன்பிறகு அவர் கண்மூடும்வரை புத்தகம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் மாமி பொட்டைப் புதுப்பிக்கும்போது, மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ரியூன் பண்ண வந்தவர் போனபிறகு, மாமி கதிரையிலிருந்து எழும்பி வந்தார். அந்த மனிதர் கழற்றிய பலகையைத் திரும்பப் பூட்டியிருந்தார், புத்தகத்தை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். சப்பாத்து பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. மாமி சேலைத் தலைப்பால் அந்தச் சப்பாத்தை ஆறுதலாகத் துடைத்தார்.

"மாமி, உங்களுக்கு இது..."

"நாளும் பொழுதும் தூசி தட்டுறது ஆர் பிள்ளை? சரஸ்வதி சப்பாத்துப் போடுவாவே?"

"பிறகு ஏன் மாமாட்ட ஒண்டும் சொல்லேல்ல?"

"என்னை ஏமாத்திப்போட்டன் எண்டு அந்த மனுசன் எவ்வளவு சந்தோஷமா இருந்தவர். அதை ஏன் கெடுப்பான்?"

சொல்லிவிட்டுக் குனிந்து தேவாரப் புத்தகத்தை எடுத்தார். மாமா வைத்த அதே இடத்தில், சப்பாத்து மறையும்படி சாய்த்து வைத்தார்.