விளக்கை அணைக்காத ஆராதனை

ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. மில்லுக்குப் பின்தெருவில் இருக்கிற, கடவுள் ஒருவரே என்று நம்பும் இந்த யூனிடேரியன் சபையில் சிலுவை இல்லை. நடுவில் ஒரு கிண்ண விளக்கு மட்டும் எரிகிறது. அதில் மெழுகுவத்தியைப் பற்றவைத்து, அந்த வாரத்துச் சந்தோஷத்தையோ வருத்தத்தையோ யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருவர் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்கிறார். இன்னொருவர் ஆடு செத்ததை.

அடுத்துப் பாடத் தொடங்குகிறார்கள். ஏன் இப்படிக் குசுகுசுவென்று பாடுகிறார்கள் என்று, முதல்முறை வந்திருக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. அப்புறம்தான் சுவரோரம் பார்க்கிறேன். ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறாள். தலைமுடியெல்லாம் மில் பஞ்சு. எழுப்பலாம் என்று கையை நீட்டுகிறேன். பக்கத்தில் இருக்கும் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"எழுப்பிராதீங்க. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்திருக்கா. மகன் தவறிப்போனதுலருந்து வீட்டுல கண்ணே மூட மாட்டேங்கா. இங்க வந்தாத்தான் செத்த நேரம் தூங்குதா."

"ஆராதனை முடிஞ்சிருமே?"

"அவ எந்திரிச்ச பொறவுதான் விளக்கை அமத்துவோம். அதுவரைக்கும் முடியாது."

கடைசிப் பாட்டு முடிகிறது. யாரும் எழவில்லை. ஆராதனை நடத்துகிறவரும் விளக்கைத் தொடாமல் உட்கார்ந்துவிடுகிறார். வெளியே நான் போக வேண்டிய ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

"ஏலே, மெதுவாப் போயேன்" என்று அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்து முணுமுணுக்கிறார்.

மடியில் இருக்கும் பையை நான் சத்தம் வராமல் கீழே வைக்கிறேன்.