பேட்டரிக்குப் பொட்டு வைத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தமபாளையத்தில் ஒரு பூக்கடை வாசலில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு என் காரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சாவியைத் திருப்பினால் 'டக்'. மறுபடி திருப்பினால் மறுபடியும் 'டக்'. அவ்வளவுதான். ஹாரன் அடிக்கிறது. லைட் எரிகிறது. பாட்டுகூடப் பாடுகிறது. இன்ஜின் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

தேனியிலிருந்து அதுவரை ஒழுங்காக ஓடிவந்த வண்டி. மாலை வாங்குவதற்காகக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்தேன். அது ஒரு குற்றமா?

போய்க்கொண்டிருந்தது கோம்பைக்கு. என் ஒரே தங்கை கவிதாவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய்மாமன் நான். டிக்கி நிறைய சீர்த் தட்டுகள். பக்கத்தில் என் மனைவி சுமதி.

'மாமன் வரும்வரை காத்திருக்க மாட்டார்களா என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாட்டார்கள். ஏனென்றால் இன்னொரு தாய்மாமன் இருக்கிறான்.

தெய்வேந்திரன். என் பெரியப்பா மகன். முறைப்படி அவனும் யாழினிக்குத் தாய்மாமன்தான். என்னைவிடக் கொஞ்சமே கொஞ்சம் மூத்தவன்... அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு பந்தியிலும் போட்டோவிலும் இத்தனை வருடமாக எனக்கு முன்னால் நிற்கிறவன். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். அவன் காருக்குள் ஏறினாலே பாயசம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். என் காருக்குள் ஏறினால் கார் வாசனைதான் வரும்.

பொறாமையா என்றால்... ஆமாம், பொறாமைதான். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் மாடி கட்டியபோது எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பெரிய வெள்ளைக் கார் வாங்கிய மாதமே நானும் வாங்கினேன். அவனிடம் இல்லாத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக்.

அந்த ஆட்டோமேட்டிக்கின் அருமை பூக்கடை வாசலில்தான் தெரிந்தது. டீக்கடையில் நின்ற நாலு பேர் நல்ல மனதோடு தள்ள வந்தார்கள். "செகண்ட் கியர்ல போட்டு விடுங்க சார், பிடிச்சுக்கிடும்" என்றார் ஒருவர். இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்று நான் விளக்கினேன். அவர் என் காரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போன் அடித்தது. கவிதா.

"அண்ணே, எங்கன இருக்கீக? ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. நல்ல நேரம் முடியிறதுக்குள்ள குத்திரணும்னு எங்க மாமனார் குதிக்கிறாக. பெரியண்ணே வந்தா அவுக மடியில வச்சே குத்திரலாம்ங்கிறாக. நான் என்ன சொல்ல?"

"இந்தா வந்துட்டேன்னு சொல்லு" என்றேன். சாவியைத் திருப்பினேன். 'டக்.'

சுமதிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, ஒரு ஆட்டோ பிடிங்க. தட்டை எல்லாம் மடியில வச்சுக்கிடலாம். இந்தா இருக்கு கோம்பை."

ஆட்டோவா? அவன் அந்த வெள்ளைக் காரில் வந்து இறங்குவான், நான் மூன்று சக்கரத்தில், மடியில் வாழைப்பழத் தட்டோடு இறங்குவதா? சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று பார்ப்பார்களே! "இரு, இப்ப ஸ்டார்ட் ஆயிரும்" என்றேன். பானெட்டைத் திறந்தேன். திறந்து என்ன செய்வது என்று தெரியாததால் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கம்பம் பக்கத்திலிருந்து அந்த வெள்ளைக் கார் வந்தது.

நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தலையைப் பானெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். போகட்டும், என்னைப் பார்க்காமல் போய்த் தொலையட்டும் என்று இன்ஜினைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். ஆனால் சுமதி நடுரோட்டுக்கே போய்க் கையை ஆட்டியிருக்கிறாள்.

"என்னலே ஆச்சு?" தலைக்கு மேலே அவன் குரல்.

"ஒண்ணுமில்ல. சும்மா... ஆயில் பாக்குறேன்."

"பட்டு வேட்டியோடவா?"

சுமதி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவன் யோசிக்கவே இல்லை. "தட்டை எல்லாம் என் வண்டிக்கு மாத்துங்க. ஏறு ஆத்தா. ஏலே, நீயும் ஏறு."

என் சீர், அவன் காரில்! நான் நகரவில்லை. "நீங்க போங்க. நான் வண்டியோட வாரேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"கவிதா, நான் பெரியண்ணன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம். நாங்க வர்ற வரைக்கும் புள்ள காதுல யாரும் கை வைக்கக் கூடாது. உங்க மாமனார் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டான். 'டக்.' லைட்டைப் போட்டுக்கொண்டே திருப்பச் சொன்னான். 'டக்' என்ற நொடியில் லைட் செத்து, மறுபடி எரிந்தது. "மோட்டாருக்குக் கரண்ட் போகல. டெர்மினலப் பாப்போம்" என்று பேட்டரியின் மூடியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏலே... இது அந்த போட்டோல இருந்த பேட்டரியா?"

ஆமாம். அதே பேட்டரிதான்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜை அன்று நம் பக்கத்தில் எல்லோரும் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். அவன் தன் காருக்கு ஆளுயர மாலை போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டிருந்தான். அத்தைகள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அளவுக்கு மாலை எங்கே கிடைக்கும்? சரி, அவன் வெளியே வைத்தால் நான் உள்ளே வைக்கிறேன் என்று பேட்டரியின் ஒயர்களைக் கழற்றி, டெர்மினல் என்கிற அந்த இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, படம் எடுத்துப் போட்டேன். அப்புறம் சந்தனத்தின் மேலேயே ஒயரை மாட்டி முடுக்கிவிட்டேன்.

துடைத்தால் சாமி குற்றம் ஆகிவிடுமே!

சந்தனம் காய்ந்து ஓடாகி, மழைக்காலத்து ஈரத்தில் சுற்றிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கரண்ட் எப்படிப் போகும்? லைட்டுக்கும் ஹாரனுக்கும் கசிகிற கரண்ட் போதும். இன்ஜினைச் சுற்றுகிற மோட்டாருக்கு ஆற்று வெள்ளம் மாதிரி வர வேண்டும். (உங்கள் வண்டியும் 'டக்' என்று மட்டும் சொன்னால் உடனே புதுப் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் டெர்மினலைப் பாருங்கள். சந்தனம் இருக்காது, நீங்கள் என்னைப் போல ஆளில்லை. ஆனால் பூத்திருக்கலாம், லூசாக இருக்கலாம்.)

தெய்வேந்திரன் தன் காரிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்தான். மைனஸை முதலில் கழற்றினான். டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி ஊற்றினான். தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தை வைத்துக் குமிழ்களைத் தேய்த்தான். இவனுக்கு இதுவும் தெரியுமா என்று, அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

தேய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சின்னு ஒருத்தி இருந்து, அவ புள்ளைக்குக் காதுகுத்துன்னா... நான் நடந்தே போயிருப்பேன்லே. நீ வண்டிக்காக நின்னுக்கிட்டு இருக்க."

 அவனுக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. இந்த வயதுவரை அது எனக்குத் தெரிந்த ஒரு தகவல். அவ்வளவுதான். அவன் மாடியை எண்ணினேன், காரை அளந்தேன், மாலையை அளந்தேன். அவன் என்னிடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

துடைத்து, மாட்டி, முடுக்கினான். சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமல். டீக்கடைக்காரர்கள் கைதட்டினார்கள். கோம்பை வரை அவன் எனக்குப் பின்னால்தான் வந்தான். முந்தவே இல்லை.

மண்டபத்தில் கவிதாவின் மாமனார் கைக்கடிகாரத்தோடு வாசலிலேயே நின்றார். யாழினி என் மடிக்கு வந்தாள். ஆசாரி வலது காதைப் பிடித்தார். குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரரே நிறுத்திவிட்டார். என் சட்டையெல்லாம் அவள் கண்ணீரும் எச்சிலும். பெருமையாகத்தான் இருந்தது. அப்போது என் வாயிலிருந்து அது தானாக வந்தது:

"இன்னொரு காது தெய்வா மடியில."

கூட்டம் சலசலத்தது. "அதென்ன புதுப் பழக்கம்?" என்றார் மாமனார். "ரெண்டு மாமன் இருக்கோம், ரெண்டு காது இருக்கு" என்றேன். கவிதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெய்வேந்திரன் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

அழுதுகொண்டே போனாள் குழந்தை. ஆசாரி இடது காதைத் தொட்டார். தெய்வேந்திரன் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "வள்! வள்!" என்று குரைத்தான். அத்தனை பெரிய வியாபாரி, பட்டுச் சட்டையில், சபை நடுவில்! யாழினி அழுகையை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ஆசாரி எப்போது குத்தினார் என்று அவளுக்கே தெரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

கவிதாவுக்கு அடுத்த குழந்தை பிறக்காமலா போய்விடும்? இந்த வாரம் முழுக்க, வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் குரைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.