கழற்றிக்கொண்டு போன போர்டு

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போய்த் தூங்கலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இது நடந்தது ஹேமநாத்துக்கு. ஆள் இன்றைக்கும் பெருங்களத்தூரில்தான் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலையை மட்டும் விட்டுவிட்டான். சர்வர் அறைப் பக்கம் கூப்பிட்டுப் பாருங்கள், தலைகீழாக நின்றாலும் வரமாட்டான்.

2005 டிசம்பர் மழை. தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை வலுத்த முதல் நாள் சாயங்காலம் ஏகநாதன் ஆபீஸிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு முடிச்சூருக்குக் கிளம்பினான். வீடு போய்ச் சேரவில்லை. அவனும் ஹேமநாத்தும் காலேஜ் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். கிளம்பும்போது ஏகநாதனின் தோள்பையில் ஆபீஸ் சர்வரிலிருந்து கழற்றிய ஒரு சர்க்யூட் போர்டு இருந்தது. "கோளாறு பண்ணிட்டே இருக்கு மச்சான். காலைல கிண்டில ரிப்பேருக்குக் குடுத்துப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

அந்த சர்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கார் மோதினால் எந்தப் பாகம் எப்படி நசுங்கும் என்று மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அதற்காக வாங்கிய பெரிய மிஷின். உள்ளே நாலு போர்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்த பிராசஸர், சொந்த மெமரி. நாலு பேர் நாலு மேசையில், ஆளுக்கொரு அலமாரி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற மாதிரி. எந்தத் தகவல் எந்த போர்டின் மெமரியில் கிடக்கிறது, எந்த விதிப்படி அங்கே போனது என்று மிஷினையே கேட்கலாம். பதில் சொல்லும். கம்ப்யூட்டருக்கு எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பம் என்பதால் அந்த நாலும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. ஏகநாதன் கொண்டுபோனது மூன்றாம் எண்.

நாலு நாள் ஆகிவிட்டது. ஏகநாதனின் மனைவி துர்காவிடம், ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவள் அசையவில்லை. "அவர் வந்துடுவார்ண்ணா" என்று ஹேமநாத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனுக்கு அழுகையாக வந்தது. வீட்டில் உட்கார முடியாமல் ஆபீஸுக்கு வந்துவிட்டான்.

பிற்பகல் நாலு மணி. வெளியே அந்தி மாதிரி இருட்டு. கரண்ட் இல்லை. கீழே ஜெனரேட்டர் பார்க்கிற ரவி, மேலே ஹேமநாத். கட்டடத்தில் வேறு ஆள் இல்லை. மீதி மூன்று போர்டுகளில் ஓடிய கணக்கு ஏனோ இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க, தகவல்கள் எந்தெந்த போர்டில் கிடக்கின்றன என்று மிஷினைக் கேட்டான்.

பூஜ்யம். இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

மூன்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கேட்டான். மறுபடியும் மூன்று. அந்த போர்டுதான் இங்கே இல்லையே! எந்த விதிப்படி போனது என்று கேட்டான். வழக்கமான விதி என்றது மிஷின். அந்த வழக்கம் அவனுக்கு மனப்பாடம். எந்த மேசைக்காரர் ஒன்றை முதலில் தொடுகிறாரோ, அவருடைய அலமாரிக்குள்தான் அது போகும். அப்படியானால்... மூன்றாவது மேசையில் உட்கார்ந்து யாரோ தொடுகிறார்கள்.

கணக்கை நிறுத்தினான். நிறுத்தினால் எல்லாம் காலியாக வேண்டும். பூஜ்யம் காலி. ஒன்று காலி. இரண்டு காலி.

மூன்று... நிரம்பிக்கொண்டிருந்தது.

மெதுவாக. ஒவ்வொன்றாக.

டப்... டப்...

மிஷினுக்குள்ளிருந்துதான் சத்தம். மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். மூன்றாம் எண் இருந்த இடம் வெறும் பொந்து. கையை விட்டான். குளிர்ந்த காற்று. சேற்று வாடை. கையை வெளியே எடுத்தான்.

விரல் நனைந்திருந்தது.

பயத்தில் ஓடியிருக்க வேண்டும். அவன் ஓடவில்லை. போர்டு வேலை செய்கிறது என்றால், அதை வைத்திருப்பவனும்... பைத்தியக்கார நினைப்புதான். அவனுக்கே தெரியும். இருந்தாலும் மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. துர்காவுக்கு போன் போட்டான்.

"துர்கா... அவன் இருக்கான்மா. அவன் எடுத்துட்டுப் போன போர்டு இங்க மிஷின்ல ஓடுது."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். கூடவே சிரிப்பும்.

கீழே ஓடினான். "ரவி, என்ன ஆனாலும் மிஷின் நிக்கக் கூடாது!"

"டீசல் கொஞ்சந்தான் கீது சார். பெட்ரோல் பங்கெல்லாம் மூடிக்கினாங்க. நா இன்னா பண்றது?"

"எங்கேயாவது புடி!"

அரை மணி நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். வரதராஜபுரத்தில், தண்ணீர் வடிந்த ஒரு மதிலோரம் ஓர் உடல். சட்டைப்பையில் ஏகநாதனின் ஆபீஸ் அடையாள அட்டை.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டு துர்கா முன்னாலேயே வந்து நின்றாள். கையில் டிபன் கேரியர். "பசியோட இருப்பார்னு சமைச்சேன்ணா" என்றாள். ஹேமநாத்துக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தார்கள். அவன்தான்.

"நாலு நாள் ஆச்சும்மா. முதல் நாளே முடிஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

ஏகநாதனின் தோள்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்த ஊழியர் அதை இரண்டு விரலால் தள்ளிப் பிடித்திருந்தார். "ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிருந்தார் சார். பிரிச்சு எடுக்கவே கஷ்டமாப் போச்சு."

துர்கா பைக்குள் கையை விட்டாள்.

"அண்ணா..."

"என்னம்மா?"

"சூடா இருக்கு."

ஹேமநாத் தொட்டான். போர்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சூடு. ஓடுகிற மிஷினிலிருந்து அப்போதுதான் கழற்றிய சூடு.

துர்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆறு மணி பத்து நிமிடம்.

அவள் முகம் மாறியது.

"அண்ணா... சூடு ஆறுது."

ஹேமநாத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

ரவி.

"டீசல் தீந்துபூச்சு சார். இப்பத்தான் மிஷின் நின்னுச்சு."

துர்காவுக்கும் அது கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பப் போடச் சொல்லுங்கண்ணா... உடனே போடச் சொல்லுங்க..."

மறுநாள் கரண்ட் வந்தது. மிஷினைப் போட்டதும் ஹேமநாத் முதல் வேலையாகக் கேட்டான். பூஜ்யம், ஒன்று, இரண்டு. மூன்று என்று ஒன்று இல்லை என்றது. கிண்டியில் போர்டைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே எல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கிறது, ரிப்பேருக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் மூன்று மாதம் தினமும் கேட்டான். பிறகு வேலையை விட்டான்.

வேலையை விட்டதை அவன் துர்காவிடம் சொல்லவில்லை. மழை பெய்கிற நாட்களில் அவள் போன் பண்ணுவாள்.

"இன்னைக்கு மிஷினைக் கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன்மா. இல்லைன்னுடுச்சு" என்பான்.