ஒன்பதாம் நம்பர் மரம்

அன்று அந்த மரத்தடியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கோடாலியோடு மாமா, வடக்கயிற்றோடு லயத்து வீட்டு வரிசையில் எங்களை ஒட்டியிருக்கிற பக்கத்துக் காம்பரா அண்ணன், கொழுந்துக் கூடையைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு வந்த அம்மா, இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணப் பெண்ணாகப் போகிற தங்கச்சி, பிறகு நான். அப்பா இல்லை. சமையல் பாத்திரங்களுக்கு முற்பணம் கட்டப் பலாங்கொடைக்குப் போயிருந்தார். மரத்தில் நாலு ஆள் உயரத்தில் ஒரு வட்டப் பொந்து. அதிலிருந்து ஒரு பறவை தலையை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஜோடி அங்கே இல்லை. இரை தேடப் போயிருக்க வேண்டும்.

கோடாலிக்கும் மரத்துக்கும் நடுவில் நான் நின்றேன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தள்ளு மாப்ள, கூத்தடிக்காம," என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கல்யாண விறகுக்கு அவர்தான் பொறுப்பு.

"மாமா, இத வெட்டாதீங்க. உள்ள குஞ்சு இருக்கு."

"குஞ்சு இருந்தா என்ன, குரங்கு இருந்தா என்ன? ஆபீசுல கேட்டுட்டுத்தான் வர்றேன்."

எங்கள் தோட்டத்தில் கல்யாண வீட்டுக்கும் சாவு விழுந்த கேத வீட்டுக்கும் ஒரு பட்ட மரம் கொடுப்பார்கள். ஆபீசில் சொல்லிவிட்டு வெட்டிக்கொள்ளலாம். காய்ந்து நிற்கிற மரமாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. தேயிலைக்கு நடுவில் நிழலுக்காக நின்ற இந்த அல்பீசியா மரம் பட்டுப்போய் நாலைந்து வருஷம் ஆகிறது. அதன் பொந்தில் இருந்தது கொட்டோருவா. புத்தகத்தில் குக்குறுவான் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரை எங்கள் லயத்தில் சொன்னால் யாருக்கும் தெரியாது. சிங்களப் பெயரைத்தான் எங்கள் வாய் பழகியிருக்கிறது. பச்சை உடம்பு, மண்நிறத் தலை, தடித்த அலகு. இலைக்குள் உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. "குட்ரூ, குட்ரூ" என்ற சத்தம் மட்டும் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைவரை கேட்கும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் என்கிற கம்பசுக்குப் போய், இரண்டாம் வருஷத்திலிருந்தே ஆய்வுக்குத் தோட்டத்தில் எங்கள் டிவிஷனையே எடுத்துக்கொண்டேன். தேயிலையும் ரப்பரும் கலந்த இடத்தில் பறவைகள் வருஷா வருஷம் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று பார்ப்பது. வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அதே மாதத்தில், அதே காலை நேரத்தில், அதே இடங்களில் போய் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். பட்டம் கிடைத்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான் நான் நல்ல பொழுதுபோக்கு.

"ஏந்தம்பி, குருவி எண்ணுனா பேரு போடுவாங்களா?" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு அக்கா கத்துவார். பேரு போடுவதென்றால் ஒரு நாள் சம்பளத்துக்குக் கணக்கு வைப்பது.

"அரப் பேருதான் போடுவாங்க, பாதிக் குருவி பறந்துருச்சுல்ல," என்று கீழ் வரிசையிலிருந்து பதில் வரும்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அன்றைய கணக்கில் இரண்டு பறவையாவது விட்டுப்போயிருக்கும்.

எல்லாப் பறவைகளிலும் கொட்டோருவாமேல் எனக்குக் கண் விழுந்ததற்குக் காரணம் உண்டு. அது பச்சை மரத்தைத் துளைப்பது அரிது. பட்டு, இற்றுப்போன மரம்தான் அதற்கு வேண்டும். பட்ட மரம் எங்களுக்கும் வேண்டும், அடுப்புக்கு. ஆக, அது குடியிருக்கிற மரமும் நாங்கள் சோறாக்குகிற மரமும் ஒன்று. முதல் வருஷம் நான் நின்ற எல்லா இடங்களிலும் அதன் சத்தம் கேட்டது. பிறகு நாட்டில் டாலர் தீர்ந்து, கேசும் மண்ணெண்ணெயும் கிடைக்காத அந்த வருஷம் வந்தது. பலாங்கொடை பசாரில் கடை வைத்திருந்தவர்கள்கூட விறகு கேட்டுத் தோட்டத்துக்கு ஆட்டோ அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்பைச் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். சுற்றுவட்டாரத்தில் பட்ட மரம் என்று ஒன்று மிஞ்சவில்லை. அடுத்த வருஷம் நான் போய் நின்றபோது பாதி இடங்களில் அமைதி.

அம்மாவுக்கு அந்தப் பறவையைப் பிடிக்காது. நடுவெயிலில் கூடையோடு நிற்கும்போது அது விடாமல் கத்தினால் தலைவலி வந்துவிடும். கம்பசில் இருந்தபோது ஒருநாள் போனில் சொன்னார்:

"இப்பல்லாம் அந்தச் சனியன் சத்தமே இல்ல தம்பி. தலவலி மட்டும் இருக்கு."

நான் எழுதிய ஆய்வு முழுவதிலும் அதைவிடத் தெளிவான வரி ஒன்றும் இல்லை.

மரத்தடிக்கு வருகிறேன். மாமா கோடாலியின் நுனியால் மரத்தில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாரு. ஆபீசுல என்ன சொன்னாங்க? 'நம்பர் போட்ட மரமாப் பாத்து வெட்டிக்கங்க'ன்னாங்க. இதுல ஒம்போதுன்னு போட்ருக்கு. கண்ணு தெரியுதா?"

தெரிந்தது. சிவப்பாக, கொஞ்சம் மங்கி, என் கையெழுத்தில்.

"மாமா, அது நான் போட்டது."

"நீயா? நீ எப்படா மரக் காண்ட்ராக்ட் எடுத்த?"

பக்கத்துக் காம்பரா அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வின் முதல் வருஷம் பொந்து உள்ள மரங்களை அடையாளம் வைக்கக் கம்பசில் சொன்னார்கள். கோயில் மதிலுக்கு அடித்த காவியில் மிச்சம் ஒரு டின் கிடந்தது. அதில் தூரிகையைத் தொட்டு ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டேன். வெட்டப்போகிற மரத்துக்குத் தோட்டத்தில் சிவப்பில்தான் நம்பர் போடுவார்கள் என்பது பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு அன்று ஞாபகத்துக்கு வரவில்லை. கம்பஸ் பிள்ளையாக நின்று யோசித்தேன், லயத்துப் பிள்ளையாக யோசிக்கவில்லை.

மாமாவின் முகம் மெல்ல மாறியது.

"அப்ப தண்ணி புடிக்கிற பீலிகிட்ட நின்ன ரெண்டாம் நம்பரு?"

"அதுவும் நான்தான்."

"அடப்பாவி! அத வெட்டுனது நான்டா. நம்பரு இருக்கே, யாரும் கேக்க மாட்டாங்கன்னு தைரியமா வெட்டுனேன்."

"அஞ்சாம் நம்பர் நானு," என்றார் பக்கத்துக் காம்பரா அண்ணன். சிரிப்பு நின்றிருந்தது. "எங்கப்பா செத்தப்ப."

 பறவைகள் குறைந்ததற்கு நான் கேசைக் காரணம் காட்டி எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் எத்தனை மரம் கேஸ் இல்லாததால் போனது, எத்தனை என் காவியால் போனது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குறைகிறதா என்று பார்க்கப் போனவன் குறைத்துவிட்டும் வந்திருக்கிறேன். நம்பர் போட்டதில் இப்போது நிற்பது இது ஒன்றுதான். கல்யாணம் வைத்திருந்த அந்த வருஷம் நான் கண்டுபிடித்த ஒரே கூடும் இதில்தான் இருந்தது.

மாமா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அக்கா, நீ சொல்லு. வைகாசி பொறந்தா மழ புடிச்சிக்கும். இன்னிக்கி வெட்டிப் பொளந்து அடுக்குனாத்தான் கல்யாணத்துக்குக் காயும்."

அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார். பறவையின் தலை உள்ளே போய்விட்டிருந்தது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கரகரப்பு கேட்டது.

"அவரு வரட்டும்," என்றார். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.

அப்பா சாயங்கால பஸ்சில் வந்தார். பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தோம். அப்பா எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி," என்றார் என்னிடம். "இந்தக் கல்யாணத்துல நமக்குச் சும்மா கெடைக்கிறது அந்த ஒரு மரந்தான். அது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ப்பா."

"பந்திக்குச் சோறு வேகலன்னா மாப்ள வீட்டுக்காரங்ககிட்ட குருவியக் காட்டவா?"

 தங்கச்சி கதவோரத்தில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்: "அண்ணே, குஞ்சு பறக்க எத்தன நாளாகும்?"

"மூணு வாரம் இருக்கும்."

"எனக்கும் மூணு வாரந்தான். நான் போற வரைக்கும் இந்தக் காம்பராவ யாரும் இடிக்கலல்ல? அதுக்கும் அப்படியே விடுங்க."

"வாயப் பாரு," என்று அம்மா அதட்டினார். அதட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். புகை என்று முகத்தைத் துடைத்தார். அன்று அடுப்பு புகையவில்லை.

 மறுநாள் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற வழியில் அப்பா திரும்பி அல்பீசியாவை நோக்கி நடந்தார். நான் கொஞ்சம் பின்னால் போனேன். வாளியைத் தரையில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார். பெரிய பறவை அலகில் ஒரு பழத்தோடு வந்து பொந்தோரத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே கரகரப்பு உயர்ந்தது. பழம் போனது. பறவை மறுபடி பறந்தது. அப்பா காத்திருந்தார். அது திரும்ப வந்தது. மறுபடியும் பழம்.

"ரெண்டும் மாறி மாறி வருதா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. ஆணும் பொண்ணும் ஒரே மாதிரி இருக்கும். பாத்தா ஒண்ணு மாதிரி தெரியும்."

தலையை ஆட்டினார். வாளியை எடுத்தார். நாலடி போய் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"மொதல்ல அந்த நம்பர அழி. யாராச்சும் கேத வீட்டுக்காரங்க வந்து வெட்டிறப் போறாங்க."

மண்ணெண்ணெய்த் துணியால் அரை நாள் தேய்த்தேன்.

விறகு வாங்கப் பெல்மதுளைப் பக்கம் போனோம். பிடுங்கிய ரப்பர் மரங்களை அறுத்து விற்கிற முதலாளி ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்கா என்று சிங்களத்தில் கேட்டார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆமாம், எங்களிடம் மரம் இருந்தது, கொட்டோருவா குஞ்சு பொரித்துவிட்டது, அதனால்தான் உங்களிடம் வந்தோம் என்று நடந்ததை அப்படியே சொன்னார். முதலாளி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். விலை குறைக்க எத்தனையோ பேர் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார்கள், கொட்டோருவாவைக் கூட்டி வந்தது நீங்கள்தான் என்றார். ஒரு ரூபா குறைக்கவில்லை. விறகை லேண்ட்மாஸ்டர் என்கிற கை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் விறகு தகரக் கொட்டகைக்குள் நனையாமல் இருந்தது. ரேடியோ செட் காரப் பையன் உயரமான இடம் தேடி, ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த அல்பீசியாவில் ஏறத் தொடங்கினான். அப்பா பந்தல்காலை விட்டுவிட்டு ஓடினார்.

"தம்பி, அதுல ஆள் இருக்கு. எறங்கு."

"ஆளா? எங்கங்க?"

"எறங்குன்னா எறங்கு."

குழாயைக் கோயில் மதிலில் கட்டினார்கள். சோறு வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள். மாமா அடுப்படியில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "இது காசு குடுத்து வாங்குன வெறகு, மரியாதையா சாப்புடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குஞ்சுகள் பறந்ததை நான் பார்க்கவில்லை. தங்கச்சியும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்த அன்று காலையில் கரகரப்புக் கேட்டது. நான் இலை போட்டுக்கொண்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பொந்து அமைதியாக இருந்தது. தங்கச்சியும் என்னோடு வந்தாள். புதுப்புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"சொல்லாமப் போயிருச்சா?" என்றாள்.

"ஆமா."

"நானாவது அழுதுட்டுப் போனேன்."

காவி விஷயத்தைக் கம்பசில் என் ஆய்வுக்கு வழிகாட்டிய சேரிடம் சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுது என்றார். எழுதினேன். இப்போது மரத்துக்கு நம்பர் போடுவதில்லை. இடத்தைப் போனில் குறித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் அந்தப் பழைய பொந்தில் மைனா குடியிருக்கிறது. கொட்டோருவா அதற்கு மேலே புதிதாக ஒன்று துளைத்திருக்கிறது. இன்னொரு சத்தம் தண்ணீர்ப் பீலிப் பக்கமிருந்து கேட்கிறது. கூட்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா தலைவலி என்கிறார், ஆனால் அதைத் திட்டுவதில்லை.

அப்பாவிடம் யாராவது, மகள் கல்யாணத்துக்கு என்ன செலவாச்சு என்று கேட்டால், விரல் மடக்கிச் சொல்வார். பந்தலுக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு, புடவைக்கு இவ்வளவு. விறகு என்ற சொல்லே அதில் வராது. கடைசி விரலை மடக்கும்போது என் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"அப்புறம் குருவிக்கு, லேண்ட்மாஸ்டர் கூலியோட, பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூவா."