தண்ணீர் வராத குழாய்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் குழாய். ஆட்டோ தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, சுகாதார இலாகாவுக்காகத் தெருத் தெருவாகக் கத்துகிற உத்தியோகம். ஊரில் தண்ணீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாரும் குளத்தில் மொண்டுதான் குடிக்கிறோம். இருக்கிற ஒரே குழாய் இவர்தான், இதிலும் வெறும் காற்றுதான் வரும். என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் உண்டு.

அவர் கத்துவது நரம்புச் சிலந்திப் புழுவைப் பற்றி. குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற பொடிப்பூச்சியின் வயிற்றில் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். வடிகட்டாமல் குடித்தால் உடம்புக்குள் சத்தமில்லாமல் வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய்க் காலே அழுகும். தினம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அந்த இடம் நெருப்பாக எரியும், தண்ணீரில் வைத்தால் சுகமாக இருக்கும். வைத்த மாத்திரத்தில் புழு தன் குஞ்சுகளைக் குளத்தில் கக்கிவிடும். அப்புறம் அதை ஊரே குடிக்கும்.

ஆகவே துணியில் வடிகட்டிக் குடி, புண்காலைக் குளத்தில் வைக்காதே. இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல எங்கள் மாமாவுக்குக் கோட்டு வேண்டும், கறுப்புக் கண்ணாடி வேண்டும், நடுநடுவே தலைவர் மாதிரி ஒரு செருமல் வேண்டும். தொண்டை கட்டிவிட்டால் பதிவு செய்த தன் குரலையே ஓடவிட்டு, அதைத் தானே தலையாட்டி ரசிப்பார்.

வேலை செய்தது அக்கா. அவள் தையல்காரி. நெருக்கமாக நெய்த துணியைப் பானை வாய்க்குத் தக்கபடி நான் வெட்டிக் கொடுக்க, அவள் வலது காலால் பெடலை மிதித்து விளிம்படித்துத் தருவாள். ஊரில் எந்த வீட்டுப் பானையில் வடிகட்டித் துணி இருந்தாலும் அது அவள் தைத்ததுதான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத இந்த மனிதர் அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, "நம்ம தயாரிப்பு" என்று பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் நல்ல வெயில். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. "புண் உள்ளவர்கள் குளத்தில் காலை வைக்காதீர்கள்." வழக்கமாக அந்தக் குரல் தெருத் தெருவாக நகர்ந்து போகும். அன்றைக்கு ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வண்டி கிண்டி ரிப்பேரோ என்று பார்க்கப் போனேன்.

கரையில் ஆட்டோ பாட்டுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது. மாமா கீழ்ப்படியில் பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஒரு காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை வறளும்போதெல்லாம் குளத்தில் கையால் அள்ளிக் குடிக்கிற ஆள், வேறென்ன வரும்? அவிழ்த்த கட்டுத் துணி பக்கத்தில் கிடந்தது. அதன் விளிம்பில் அக்காவின் தையல்.

"என்ன மாமா இது?"

"ஆணி குத்திடுச்சு."

"ஆணி நெளியுது மாமா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு. இந்த வருஷம் ஒருத்தருக்கும் வரலைன்னு அடுத்த மாசம் மேடையில கேடயம் குடுக்கப் போறாங்க. எனக்குத்தான் குடுக்கப் போறாங்க. தினம் கொஞ்ச நேரம் கால வச்சா என்ன குடி முழுகிடும்?"

"என்ன ஆகும்னு உங்க வண்டியே சொல்லிக்கிட்டிருக்கு. காது குடுத்துக் கேளுங்க."

அக்கா வீட்டுக்கு ஓடினால் பானை வாய் வெறுமையாக இருந்தது. "துணி எங்கக்கா?" என்றேன்.

"அவருதான் காலுக்குக் கட்டிக்கிட்டாரு. நர்ஸம்மாகிட்ட கட்டு கேட்டா விஷயம் வெளிய வந்துடுமாம்."

"இத்தன நாளா நீ எதுல வடிகட்டினே?"

"தச்சதெல்லாம் ஊருக்குக் குடுத்தாச்சு. புதுத் துணி வந்ததும் நமக்கு ஒண்ணு தச்சுக்கலாம்னு இருந்தேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதடி. அவரு மானம் போயிடும்."

இல்லாத ஒன்று எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை. நேரே நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கே குளத்தில் அந்தப் பொடிப்பூச்சியை மட்டும் கொல்லும் மருந்தை ஊற்றினார்கள். நர்ஸம்மா யார் என்னவென்று வெளியே மூச்சு விடவில்லை. கேடயம் கைநழுவிப் போனது, அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மாமாவோ கட்டுப் போட்ட காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, "யாரோ ஒரு பொறுப்பற்ற நபரால் நம் ஊர் தலைகுனிந்தது" என்று தெருத் தெருவாக முழங்கினார். அந்த முகத்தில் வெட்கம் மருந்துக்குக்கூட இல்லை.

அடுத்த வருஷம் ஊரில் ஒரே ஒரு காலில்தான் புழு வந்தது. அக்காவின் வலது கால். அதே பானைத் தண்ணீரை மாமாவும்தான் குடித்தார், அவருக்கு ஒன்றுமில்லை. புழுவுக்கும் ஒரு தராதரம் இருக்கும் போல.

"அறுந்துடாம பாத்துக்கணும். அறுந்தா கணுக்கால் மடங்காமலே போயிடலாம்" என்றார் நர்ஸம்மா. மடங்காத கால் பெடலை மிதிக்காது. அக்காவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். புதுத் துணிகள் தைத்தாக வேண்டியிருந்ததால், அவள் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு துணியைத் தள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு திரும்ப வந்தது.

அப்போதுதான் தெருவில் அந்தக் குரல். "இந்த ஆண்டு ஒரே ஒரு பெண்மணி. வடிகட்டாமல் குடித்த அலட்சியம். மற்றவர்கள் பாடம் கற்றுக்கொள்ளுங்கள்."

அக்கா துணியிலிருந்து கையை எடுத்தாள். ஆட்டோ அக்கா வீட்டு வாசலில் நின்றது. மாமா சாப்பிட இறங்கினார்.

"அந்த மைக்க இப்படிக் குடுங்க" என்றாள்.

"உனக்கெதுக்கு?"

"அந்தப் பெண்மணி நான்தானே? ரெண்டு வார்த்தை பேசுறேன்."

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பேசு, பேசு. பாதிக்கப்பட்டவங்களே பேசினா எடுப்பா இருக்கும்" என்று வயரை அவரே இழுத்து நீட்டி, ஒருமுறை செருமி, "இப்போது ஒரு முக்கிய அறிவிப்பு" என்று அறிமுகமும் செய்துவைத்தார்.

அக்கா மைக்கை வாங்கினாள். "நான் தையக்காரி பேசுறேன். உங்க எல்லார் வீட்டுப் பானைக்கும் துணி தச்சவ. போன வருஷம் எங்க வீட்டுப் பானைத் துணி எங்க வீட்டுக்காரர் கால்ல கட்டியிருந்துச்சு. அவருக்கும் இந்தப் புழுதான். குளத்துல கால வச்ச அந்தப் பொறுப்பத்த ஆளு அவருதான். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தது நான்."

மைக்கை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அணைச்சிடுங்க. பேட்டரி இறங்கிடும்."

மாமா செருமினார். அந்தச் செருமலும் ஊருக்கெல்லாம் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தே எங்கோ போனார்.

மறுநாள் துணி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, பணம் கொடுக்கும் முன் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். "உங்க பானைக்கு முதல்ல கட்டினீங்களாக்கா?" என்றாள்.

"கட்டியாச்சு" என்றாள் அக்கா.

புழு அறுந்துதான் வந்தது. அக்காவின் வலது கால் இப்போது பாதிதான் மடங்குகிறது. இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.